கொழுந்தியா எழுதிய நாவல்

ஓசூர்,
14.7.2025

பிரவீனா,

இன்று மூன்றாவது பீரியட் முடித்து ஆசிரியர் அறைக்கு வந்தால் என் மேஜைமேல் ஒரு பார்சல். பிரித்தேன். ‘திரேஸ் நாட்டு நெசவு’, நாவல், நா. பிரவீனா. யாரோ ஒரு பிரவீனா என்று புரட்டினால் பின்னட்டையில் உன் முகம். கையில் இருந்த டீ சேலையில் கொட்டிவிட்டது. பக்கத்தில் இருந்த காத்தூன் டீச்சர் பதறிப்போய், “யாராச்சும் தவறிட்டாங்களா மேடம்?” என்று கேட்டார். “இல்லீங்க, என் தங்கச்சி நாவல் எழுதிட்டா” என்றேன். அவர் இன்னும் பதறிவிட்டார்.

எனக்கு அதிர்ச்சி இன்னும் அடங்கவில்லை. தமிழ் எம்.ஏ. படித்தவள் நான். இத்தனை வருடத்தில் பள்ளி ஆண்டு மலருக்கு நாலு வரி வாழ்த்துப்பா எழுதியதுதான் மிச்சம். டிப்ளமோ முடித்துவிட்டு கம்பெனியில் சர்க்யூட் போர்டுக்கு ஈயப்பற்று வைத்துக்கொண்டிருந்தவள் நீ, கிரேக்கப் புராணத்தை எடுத்து நாவல் எழுதியிருக்கிறாய். சந்தோஷப்படுவதா, வயிற்றெரிச்சல் படுவதா என்று தெரியவில்லை. இரண்டும் படுகிறேன்.

ஆனால் புத்தகத்தோடு ஒரு வரி கடிதம் வைக்கக்கூட உனக்கு மனம் வரவில்லை, பார்த்தாயா? என் வீட்டில் தங்கி, நான் கட்டிக் கொடுத்த சோற்றை எடுத்துக்கொண்டு கம்பெனி பஸ் ஏறினவள், ஒரு நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். போன் நம்பரை மாற்றினாய். சாத்விகாவின் காதுகுத்துக்கு வரவில்லை. “சித்தி மடியிலதான் உக்காருவேன்” என்று அழுத பிள்ளையை யார் மடியில் உட்கார வைப்பது என்று தெரியாமல் நின்றேன். கம்பெனியில் யாரோ பையனோடு பழக்கம், அவன் பின்னால்தான் போய்விட்டாய் என்று உன் மாமா சொன்னார். “இனிமே அவ செத்துட்டான்னு நெனச்சுக்க” என்றார். நான் நம்பவில்லை. ஆனால் வேறு எதை நம்புவது என்றும் எனக்கு யாரும் சொல்லவில்லை.

சரி. ஊர்க் கதை கேள். நம் சித்தி மகள் அருணாவுக்கு நீ வேலை பார்த்த அதே கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. ஆடி கழியட்டும் என்று சித்தி நிறுத்தி வைத்திருக்கிறாள். ஆவணி முதல் தேதி மத்தூரில் இருந்து வந்துவிடுவாள். நீ இருந்த பின்பக்கத்து அறைதான் அவளுக்கு. உன் மாமாதான், “நம்ம வீடு இருக்கறப்ப பொண்ணு எதுக்கு ஹாஸ்டல்ல கெடக்கணும்?” என்று சித்தியிடம் பேசி முடித்தார். பட்டறை வேலையே தலைக்குமேல் கிடக்கும்போதும் நம் வீட்டு ஆட்களுக்கு அவர் செய்கிறார். உன்னைப்போல் அவள் நன்றி மறக்கமாட்டாள் என்று நம்புகிறேன்.

பார்சலில் இருந்த கோலார் பக்கத்து ஹாஸ்டல் முகவரிக்கு இதை எழுதுகிறேன். ஓசூரில் இருந்து எட்டிப்பிடிக்கிற தூரத்தில் இருந்துகொண்டு இத்தனை நாள் வாய் திறக்காமல் இருந்திருக்கிறாய்.

உன் அக்கா,
சௌமியா


நரசாபுரா,
19.7.2025

அக்கா,

கடிதம் வைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டாய். வைத்தேன். முந்நூறு பக்கம்.

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது நீதான். காலேஜ் நூலகத்தில் இருந்து எடுத்து வந்தாய். புளி கொட்டை எடுக்கும்போது சொன்னாய். நாக்கை அறுக்கிற இடம் வந்ததும் நான் காதைப் பொத்திக்கொண்டேன். நீ கையைப் பிடித்து இழுத்து முழுசாகக் கேட்க வைத்தாய்.

எனக்கு நீ ஒன்று செய்ய வேண்டும். நாவலைப் படித்துவிட்டு நிறை குறை இரண்டையும் எழுது. தங்கச்சி என்று பார்க்காதே. பத்தாம் வகுப்பு விடைத்தாளைத் திருத்துவதுபோல் திருத்து. ஆடி முடிவதற்குள் எழுதிவிடு. அதற்குமேல் வைக்காதே.

புத்தகத்தைப் பள்ளிக்கூடத்திலேயே வைத்துப் படி. வீட்டுக்குக் கொண்டுபோகாதே. போனும் வேண்டாம். உன் போன் ஹாலில் டிவி பக்கத்தில் கிடக்கும், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்ப்பார்கள். பள்ளி முகவரிக்கே எழுதுகிறேன்.

அருணா வருவது முடிவாகிவிட்டதா? இங்கேயே அவளுக்கு வேலை இருக்கிறது, ஹாஸ்டலிலும் இடம் இருக்கிறது. நான் விசாரித்து வைத்திருக்கிறேன். கொஞ்சம் யோசி.

சாத்விகாவுக்கு முத்தம்.

பிரவீனா


ஓசூர்,
27.7.2025

பிரவீனா,

படித்து முடித்துவிட்டேன். இரண்டு தடவை. முதல் தடவை அக்காவாக, இரண்டாம் தடவை சிவப்பு மை பேனாவோடு. எங்கள் ஓசூர் வாசகர் வட்டத்தில் ஆகஸ்ட் 24-ஆம் தேதி உன் நாவலைப் பற்றி நானே பேசுவதாகப் பெயர் கொடுத்துவிட்டேன். ஒத்திகையாக இதை வைத்துக்கொள்.

மூலக்கதை தெரியாதவர்களுக்காக முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுவேன். திரேஸ் நாட்டு ராஜாவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போன ராணி, தங்கையைப் பார்க்க ஆசைப்படுகிறாள். கூட்டிவரப் போன ராஜா வழியிலேயே அந்தப் பெண்ணைக் கெடுத்து, வெளியே சொல்லாமல் இருக்க நாக்கை அறுத்து, ஒரு குடிசையில் அடைத்துவிடுகிறான். மனைவியிடம் தங்கை செத்துவிட்டாள் என்கிறான். நாக்கில்லாத அவள் நடந்ததையெல்லாம் துணியில் நெய்து அக்காவுக்கு அனுப்புகிறாள். அக்கா துணியைப் பார்த்துப் புரிந்துகொள்கிறாள். பழிக்குப் பழியாகத் தான் பெற்ற மகனையே கொன்று ராஜாவுக்குச் சமைத்துப் போடுகிறாள். கிரேக்கர்கள் எதையும் பாதியில் விடமாட்டார்கள்.

நிறைகளைச் சொல்கிறேன். முதல் நிறை, நெசவு. முடிச்சுக்கு முடிச்சு எண்ணிப் பார்த்து, தப்பானதைப் பிரித்து மறுபடி போட்டு, கண் எரியக் குனிந்தே இருக்கிற வேலை. அதை நீ தறியில் கற்கவில்லை, போர்டு லைனில் கற்றாய் என்று எனக்குத் தெரியும். அந்த அத்தியாயங்களில் உன் கை தெரிகிறது. தமிழும் சுத்தமாக இருக்கிறது. உனக்கு ஒற்றுப்பிழைக்கு எத்தனை கொட்டு வைத்திருப்பேன்!

இரண்டாவது, அதுதான் பெரிய நிறை, ராஜா. வில்லன் என்றாலே முறுக்கு மீசையும் உருட்டு விழியும் வைக்கிற ஊரில், நீ எல்லோருக்கும் பிடித்த மனிதனாக வைத்திருக்கிறாய். விருந்தில் சிரிக்க வைக்கிறான், மாமனாருக்கு ஊற்றிக் கொடுக்கிறான், மச்சினிச்சியைக் கேலி செய்கிறான். “கப்பல் என்று இருந்தால் மாற்றுப் பாய் ஒன்று வேண்டாமா?” என்று ராணியையும் தங்கையையும் காட்டிச் சொல்கிற இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எங்கேயோ கேட்ட மாதிரியே இருந்தது. நாவலில் உயிரோடு நடமாடுகிற ஆள் அவன்தான்.

இனி குறைகள். மூக்கைச் சிந்தாதே, கேட்டது நீ.

ஒன்று. நாக்கு. உன் நாவலில் ராஜா நாக்கை அறுக்கவில்லை. தங்கை முழு நாக்கோடு விருந்து மண்டபத்தில் எழுந்து நின்று, “ராஜா இரவில் என் கதவைத் தட்டுகிறார்” என்று சொல்கிறாள். அதையும் கேலி என்று நினைத்து மண்டபமே சிரிக்கிறது. ராணியும் சிரிக்கிறாள். அம்மா, கதையின் முதுகெலும்பே அந்த அறுத்த நாக்குதானே! வாய் இருக்கிறவள் எதற்குத் துணி நெய்ய வேண்டும்? இன்னொரு தடவை உரக்கச் சொன்னால் போகிறது.

இரண்டு. அவள் தினமும் படுக்கப் போகுமுன் பெரிய மரப்பெட்டியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுக்கிறாள், தரையில் வளைவு வளைவாகக் கீறல் விழுகிறது என்கிறாய். அரண்மனையில் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லையா? தினமும் அந்தச் சத்தம் யாருக்கும் கேட்கவில்லையா? நம்பும்படி இல்லை.

மூன்று. பதினோராம் அத்தியாயம். முக்கியமான அந்த இரவு. ராணி ஊருக்குப் போயிருக்கிறாள், தங்கை தனியாக இருக்கிறாள். அத்தியாயமே ஒரு பக்கம்தான். கதவு, பெட்டி, காற்று, அவ்வளவுதான். இங்கே எழுத்தாளருக்குத் துணிச்சல் போதவில்லை என்றுதான் சொல்வேன்.

நான்கு. துணி கைக்கு வருகிறவரை ராணிக்கு எதுவுமே தெரியவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு! உலகத்தில் எந்த அக்காவும் அப்படிக் கண்ணிருந்தும் குருடாக இருக்கமாட்டாள்.

ஐந்து. முடிவு. மூலத்தில் மகன், நீ ஏனோ மகளாக்கியிருக்கிறாய். பழிவாங்கலே இல்லை. ராணி குழந்தையைக் கூட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் அரண்மனையை விட்டுப் போகிறாள், முற்றும். இத்தனை கொடுமைக்கு இவ்வளவுதானா? வாசலைத் தாண்டுவதற்கு என்ன பெரிய தைரியம் வேண்டும்? முடிவு பலவீனம்.

நூற்றுக்கு அறுபத்தைந்து போடுகிறேன். முதல் நாவலுக்கு அது அதிகம்.

ஒரு விஷயம், திட்டாதே. புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோகாதே என்றாய், வாய் நிற்கவில்லை. “உங்க கொழுந்தியா நாவல் எழுதியிருக்கா, அதுல உங்கள மாதிரியே கேலி பேசற ராஜா ஒருத்தன் வர்றான்” என்று உன் மாமாவிடம் சொல்லிவிட்டேன். அவர் சாப்பாட்டில் இருந்து தலையைத் தூக்கி, “எங்க, குடு பாக்கலாம்” என்றார். கல்யாணப் பத்திரிகை தவிர எதையும் படிக்காத மனிதர்! எனக்கே ஆச்சரியம். மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். பழைய கோபமெல்லாம் தீர்ந்துவிடும் என்று தோன்றுகிறது.

சௌமியா


நரசாபுரா,
31.7.2025

அக்கா,

கொடுத்துவிட்டாயா?

இரண்டு நாளாக என்னால் வேலை செய்ய முடியவில்லை. லைனில் மூன்று போர்டை வீணாக்கினேன், சூப்பர்வைசரம்மா என்னை எழுப்பி வெளியே உட்கார வைத்துவிட்டார்.

சரி. கொடுத்தது கொடுத்ததுதான். உன் குறைகளுக்குப் பதில் எழுதுகிறேன்.

மூலத்தில் மகன். நான் மகளாக்கினேன், அவள் பெயர் சாத்விகா என்பதால். முடிவை மாற்றினேன், காகிதத்தில்கூட உன் கையால் சாத்விகாவைக் கொல்ல வைக்க என்னால் முடியவில்லை என்பதால்.

மாற்றுப் பாய் என்ற வரிக்குச் சிரித்தேன், எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது என்கிறாய். எங்கே கேட்டாய் அக்கா? உட்கார்ந்து யோசித்துப் பார்.

தினமும் பெட்டியை இழுப்பதும் கீறல் விழுவதும் நம்பும்படி இல்லை என்றாய். பின்பக்கத்து அறைக்குப் போ. பீரோவை நகர்த்து.

அருணாவை அனுப்பவேண்டாம் என்று சித்தியிடம் சொல். காரணம் கேட்டால் என்மேல் எந்தப் பழியையாவது போடு. ஏற்கெனவே ஒரு பையனோடு ஓடினவள்தானே நான்.

பிரவீனா


ஓசூர்,
4.8.2025

பிரவீனா,

உன் கடிதத்தைப் பள்ளியில் நின்றபடியே படித்தேன். ஆறாம் வகுப்பில் போய் ஏழாம் வகுப்புப் பாடத்தை நடத்திவிட்டு வந்தேன்.

நீ என்ன சொல்ல வருகிறாய்? நேராகச் சொல். இல்லை, சொல்லாதே. கதை எழுதப் பழகியவர்களுக்கு எதைப் பார்த்தாலும் கதையாகத் தெரியும். நாலு பேர் நடுவில் கேலி பேசுகிற மனிதரைக் கொண்டுபோய் ராஜா வேஷம் போட்டு உட்கார வைத்திருக்கிறாய். கொழுந்தியாளைக் கேலி செய்யாத மாமன் நம் ஊரில் உண்டா? நம் அப்பா சின்னச்சித்தியைப் பேசாத பேச்சா? உனக்கு அவர்மேல் என்ன கோபம்? உனக்கு வேலை வாங்கிக் கொடுத்தார், சாயங்கால ஷிப்ட் முடிந்தால் வண்டி எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்தார். நான்தான் போகச் சொன்னேன். அதற்குப் பிறகு நீ அந்த ஷிப்டை மாற்றி வாங்கிக்கொண்டாய்.

அவரும் சரியில்லை. நாவலை ஒரே நாளில் படித்து முடித்தார். பட்டறைக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு புத்தகத்தைக் காணோம். கேட்டால், “எங்கயாச்சும் கெடக்கும்” என்கிறார். வாசகர் வட்டத்தில் பேசவேண்டாம் என்கிறார். “அசிங்கம் புடிச்ச கத. டீச்சரா இருந்துக்கிட்டு இதப் பேசுவியா?” என்கிறார். அவருக்கு எப்போதிருந்து கதையில் அசிங்கம் தெரிந்தது?

இங்கே நிறுத்துகிறேன். பிள்ளை ஸ்கூல்விட்டு வருவதற்குள் ஒரு வேலை இருக்கிறது. இன்று பள்ளியில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், வீட்டில் யாருமில்லை. நீ சொன்னதற்காக இல்லை, அருணாவுக்காக எப்படியும் அந்த அறையைப் பெருக்கவேண்டும். பெருக்கிவிட்டு வந்து மீதியை எழுதுகிறேன்.

பீரோவை நகர்த்தினேன்.

இருக்கிறது.

கதவில் இருந்து சுவர்வரை வளைவு வளைவாக. ஒன்றின்மேல் ஒன்றாக. டைல்ஸின் பளபளப்பே போய்விட்டது. அந்தக் கீறலை எனக்குத் தெரியும் பிரவீனா. நீ போன பிறகு அறையைக் கழுவும்போது பார்த்தேன். “புது டைல்ஸ இப்பிடியா கீறி வெப்பா, எரும” என்று உன்னைத்தான் திட்டினேன். பீரோவை இழுத்து அதை மறைத்து வைத்ததும் நான்தான். தினமும் ஒருத்தி எதற்குப் பீரோவை இழுப்பாள் என்று ஒரு நிமிஷம் நின்று யோசித்திருந்தால் போதும்.

தாழ்ப்பாள் ஆடிக்கொண்டிருக்கிறது, இன்னமும். எத்தனை தடவை மாட்டிக் கொடுங்கள் என்று சொல்லியிருப்பேன். பட்டறையில் மைக்ரான் கணக்கில் கடைசல் பிடிக்கிறவருக்கு வீட்டில் ஒரு தாழ்ப்பாள் மாட்ட நேரமில்லை என்று நானும் கேலிதான் செய்தேன்.

எங்கே கேட்டேன் என்பதும் ஞாபகம் வந்துவிட்டது. நீ எங்களோடு இருந்தபோது வந்த பொங்கலுக்கு, மத்தூரில். “வண்டின்னு இருந்தா ஒரு ஸ்டெப்னி வேணாமா மாமா?” என்று அப்பாவிடமே கேட்டார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நீ அப்போது எழுந்து நின்று, “அக்கா, மாமாவச் சும்மா இருக்கச் சொல்லு, ராத்திரியில கதவத் தட்டறாரு” என்றாய். எல்லோர் எதிரிலும் சொன்னாய். “கொழுந்தியா கதவத் தட்டாம எதுத்த வூட்டுக் கதவயா தட்டுவாங்க?” என்றார். அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. நான் அவர் தலையைத் தட்டிக்கொண்டே சிரித்தேன்.

நாக்கு இருக்கிறவள் எதற்குத் துணி நெய்யவேண்டும் என்று உன்னைக் கேட்டேனே.

பதினோராம் அத்தியாயத்தை மட்டும் சொல். சாத்விகாவைத் தூக்கிக்கொண்டு நான் மாரம்மா திருவிழாவுக்கு மத்தூர் போனேனே, அந்தச் சனிக்கிழமையா?

சௌமியா


நரசாபுரா,
8.8.2025

அக்கா,

ஆமாம். அந்தச் சனிக்கிழமை.

அதற்குமேல் எழுதமாட்டேன். அந்த ஒரு பக்கத்தை எழுத மழைக்காலம் முழுக்க ஆனது. எழுதி எழுதிக் கிழித்து, கடைசியில் கதவும் பெட்டியும் காற்றும்தான் மிஞ்சின. துணிச்சல் போதவில்லை என்று எழுதியிருந்தாய். உனக்குத் தெரியாதுதானே. நான் அழுதேன், ஆனால் உன்மேல் கோபமில்லை.

மறுநாள் அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். அம்மா, “அக்கா வாழ்க்கையில மண்ண அள்ளிப் போட்றாதடி. நீ வேற எடம் பாத்துக்கிட்டுப் போயிடு” என்றாள். போய்விட்டேன். என் நாக்கை யாரும் கத்தியால் அறுக்கவில்லை அக்கா. நான் பேசினால் சிரித்தார்கள், அல்லது அழுதார்கள். இரண்டிலும் என் பேச்சு யார் காதிலும் ஏறவில்லை.

உன்னிடம் நேரில் வந்து சொல்லியிருக்கலாம். நீயும் சிரித்துவிடுவாயோ என்று பயந்தேன். கதை என்றால் நீ இரண்டு தடவை படிப்பாய், சிவப்பு மையில் கோடு போடுவாய், குறை கண்டுபிடிப்பாய். எந்தக் குறையை நீ கண்டுபிடித்தாலும் அது உன்னை நம் வீட்டுக்குள் கொண்டுவந்து விடும் என்று நினைத்துத்தான் எழுதினேன். அருணாவை அங்கே விடப்போகிறார்கள் என்று ஊரில் இருந்து செய்தி வந்ததும் அவசர அவசரமாகப் புத்தகத்தை அனுப்பினேன்.

நீ வீட்டை விட்டு வா என்று கேட்கவில்லை. அது நாவலில் எழுத வசதியாக இருந்தது, எழுதினேன். உனக்கு வேலை இருக்கிறது, பிள்ளை இருக்கிறது, ஊர் இருக்கிறது. அருணா மட்டும் அந்த அறைக்கு வரக்கூடாது. அது ஒன்றைச் செய்.

பிரவீனா


கிருஷ்ணகிரி,
18.8.2025

பிரவீனா,

முகவரியைப் பார்த்தாயா? காத்தூன் டீச்சரின் அம்மா வீடு. நானும் சாத்விகாவும் இங்கே இருக்கிறோம். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், எனக்கே இன்னும் நம்ப முடியவில்லை.

உன் கடிதம் வந்த அன்றே அவரிடம் கேட்டேன். பீரோவை நகர்த்தி, கீறலைக் காட்டி, “இது என்ன?” என்றேன். கத்துவார், அடிப்பார் என்று நினைத்திருந்தேன். சிரித்தார். “கதைக்கும் நெசத்துக்கும் வித்தியாசம் தெரியாத வாத்திச்சியாப் போயிட்டியே. கேலி பண்ணினேன். உங்கப்பனே முன்னால உக்காந்து சிரிச்சாரே, அவரப் போயிக் கேளு” என்றார். அவர் சொன்னது உண்மை. அப்பா சிரித்தார். எல்லோரையும் சிரிக்க வைத்துச் சாட்சியாக்கி வைத்திருக்கிறார், என்னையும் சேர்த்து. ராஜாதான் உன் நாவலின் பெரிய நிறை என்று எழுதிய கையை வெட்டிப்போடலாம்போல் இருந்தது.

சுதந்திர தினத்தன்று பள்ளிக்கூடக் கொடியேற்றம் முடிந்ததும் சாத்விகாவோடு மத்தூருக்கு பஸ் ஏறினேன். அப்பா, அம்மா, சித்தி, அருணா எல்லோரும் ஒரே இடத்தில் இருந்தார்கள். அருணாவின் துணிமணியைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து நின்று, நீ அன்றைக்குச் சொன்ன அதே வரியைச் சொன்னேன். “பிரவீனா அங்க இருக்கறப்ப அவரு ராத்திரியில கதவத் தட்டியிருக்காரு.”

அப்பா சிரித்தார். சத்தியமாகச் சிரித்தார். “மாப்ள அப்பிடித்தான், வெளையாட்டுப் புத்தி” என்றார். சித்தியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பின் நடுவில் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அம்மா சிரிக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “தட்டினது மட்டுமில்ல. அம்மாவக் கேளுங்க, அவளுக்குத் தெரியும்” என்றேன். அம்மா முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டாள். அப்பாவின் சிரிப்பு அப்படியே நின்றது.

அப்போது அருணா, பெட்டியில் வைத்த சுடிதாரை வெளியே எடுத்து வைத்தபடி, “அந்த ரூம்புக்குத் தாப்பா சரியில்லையாக்கா?” என்று கேட்டாள். உனக்கு யார் சொன்னது என்றேன். “மாமாதான். போன்ல. தாப்பா ஆடும், பயப்படாத, நான் இருக்கேன்லன்னு சொல்லிச் சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். ஆனா அன்னிக்கு எனக்குத் தூக்கமே வரல” என்றாள்.

சித்தி பெட்டியை அப்படியே கவிழ்த்துவிட்டாள். அருணா ஓசூருக்கு வரவில்லை. அங்கேயே வேலை பார்க்க உன் ஹாஸ்டலுக்கு வருகிறாள், அடுத்த வாரம். கூட்டிவரப் போவது சித்தியே.

அதோடு நான் திரும்பிப்போய்ப் பழையபடி சமைத்திருக்கலாம். நீயும் அவ்வளவுதான் கேட்டாய். இரண்டு நாள் இருந்தும் பார்த்தேன். மேஜைமேல் சோறு போட்டு வைப்பேன், அவர் சாப்பிடுவார், ஏதோ கேலி பேசுவார், சாத்விகா சிரிப்பாள். பிள்ளை சிரிக்கச் சிரிக்க அவளை இழுத்து என் பக்கத்தில் உட்கார வைப்பேன். நேற்று ஆவணி முதல் தேதி. விஜயகுமார் பட்டறைக்குப் போன பிறகு கிளம்பிவிட்டேன். கல்யாணமான நாளில் இருந்து அந்தப் பெயரை நான் எழுதியதில்லை. எழுதிப் பார்த்தேன், பேனா ஒன்றும் நிற்கவில்லை.

அம்மா போன் செய்து, பிள்ளைக்காகவாவது திரும்பிப் போ என்று அழுகிறாள். நாளை போலீஸ், வக்கீல் என்று காத்தூன் டீச்சர் ஏதேதோ சொல்கிறார். அதில் எதைச் செய்வது என்று நீதான் சொல்லவேண்டும், நடந்தது உனக்கு. நீ சொல்கிறவரை நான் வாயைத் திறக்கமாட்டேன். நீ சொன்னால் மூடவும் மாட்டேன். 24-ஆம் தேதி மட்டும் நான் பேசத்தான் போகிறேன். நாவலைப் பற்றி மட்டும். காத்தூன் டீச்சர் தன் பிரதியைக் கொடுத்திருக்கிறார். முதல் வரிசையில் யார் வந்து உட்கார்ந்தாலும் பேசுவேன்.

குறை என்று நான் எழுதிய ஐந்தையும் அடித்துவிடு. நாக்கு, பெட்டி, ஒரு பக்க அத்தியாயம், குருட்டு அக்கா, எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில்தான் இருக்கின்றன. வாசலைத் தாண்ட என்ன தைரியம் வேண்டும் என்று கேட்டேன் அல்லவா? கேட்டில் இருந்து ஆட்டோவரை நடப்பதற்குள் இரண்டு தடவை பையைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். ஆட்டோக்காரர், “எல்லிகே மேடம்?” என்று கன்னடத்தில் கேட்டார். எங்கே போகவேண்டும் என்று எனக்கு எந்தப் பாஷையிலும் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் புதிதாக ஒரு குறை கண்டுபிடித்திருக்கிறேன். இது நிஜமான குறை. ராணி திரும்பிப் பார்க்காமல் போனாள் என்று எழுதியிருக்கிறாய். நான் பார்த்தேன் பிரவீனா. மாடிக் கொடியில் காலையில் நான் துவைத்துப் போட்ட அவர் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. மழை வருகிற மாதிரி இருந்தது. ஓடிப்போய் எடுத்து வைத்துவிட்டு வரலாமா என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

அடுத்த பதிப்பு வந்தால் அந்த வரியைத் திருத்திவிடு. ராணி திரும்பிப் பார்க்கட்டும். பார்த்துவிட்டுப் போகட்டும்.

உன் அக்கா,
சௌமியா